அடிபட்டால் யாரிடம் ஓடுவீர்கள்?

மனநல ஆலோசனைக்காக என்னிடம் முதல் முறை வருகிறவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சின்ன வயசுல விளையாடும்போது விழுந்து முட்டி சிராய்ச்சா, அழுதுக்கிட்டே யார்கிட்ட ஓடுவீங்க?" கணவன் மனைவி சண்டைக்காக வந்தவர், தூக்கம் வரவில்லை என்று வந்தவர், படிக்காத மகனை இழுத்துக்கொண்டு வந்த அப்பா, எல்லோரிடமும் கேட்பேன். பெரும்பாலோர் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார்கள். அம்மா. ஆச்சி. பக்கத்து வீட்டு அக்கா. சிலர் சிரித்துக்கொண்டே, "அப்பாகிட்ட போனா அதுக்கும் சேர்த்து ரெண்டு விழும், அதனால பாட்டிகிட்டதான்" என்பார்கள். அதுவும் நல்ல பதில்தான். ஓடுவதற்கு ஓர் இடம் இருந்திருக்கிறது.

சிலர் மட்டும் அப்படியே நின்றுவிடுவார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு பெண், 34 வயது, வங்கியில் வேலை, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார்: "ஓட மாட்டேன் மேடம். கொல்லைல தண்ணித் தொட்டி இருக்கும். அங்க போய் கழுவிட்டு, பாவாடையை இழுத்து விட்டுக்குவேன். துணியில ரத்தம் பட்டது தெரிஞ்சா அதுக்கு வேற அடி." சொல்லும்போது முகத்தில் எந்த வருத்தமும் இல்லை. பாத்திரம் கழுவுவது எப்படி என்று விளக்குகிற மாதிரி சொன்னார்.

(இந்தக் கட்டுரையில் வருகிற யாரும் ஒரே ஒரு மனிதர் அல்லர். பல ஆண்டுகளாகக் கேட்ட பலருடைய வாழ்க்கையைக் கலந்து, அடையாளங்களை மாற்றி எழுதியிருக்கிறேன்.)

அவரை அழைத்து வந்தவர் கணவர். மனைவிக்கு டெங்கு வந்திருக்கிறது. மூன்று நாள் காய்ச்சலோடு சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வங்கிக்கும் போயிருக்கிறார். நான்காம் நாள் கவுண்ட்டரிலேயே மயங்கி விழுந்துவிட்டார். கணவருக்கு அந்த வாரம் இரவுப் பணி. மனைவிக்கு உடம்பு சரியில்லை என்பதே அவருக்கு வங்கி மேலாளர் போன் செய்துதான் தெரியும். "காய்ச்சல்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லத் தோணலைன்னா, நான் யாரு மேடம் அவளுக்கு?" என்று கேட்டார். அவருக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கோ அவர் எதற்குக் கோபப்படுகிறார் என்றே புரியவில்லை. "அவரே ராத்திரி பூரா முழிச்சு வேலை பார்த்துட்டு வர்றார். அவரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

மாமியார் வீட்டில் அவரைத் தங்கமான மருமகள் என்கிறார்கள். பிறந்த வீட்டில் சமத்துப் பிள்ளை என்றார்கள். இந்தச் 'சமத்து' என்ற சொல்லை நினைத்துக்கொண்டுதான் நான் இதை எழுத உட்கார்ந்தேன். குழந்தைகள் துன்புறுத்தப்படுவதன் அடையாளங்களைத் தேடும்போது நாம் எல்லோரும் அழுகையையும் காயத்தையும் அடங்காமையையும் தேடுகிறோம். எந்தத் தொந்தரவும் தராத குழந்தையைப் பாராட்டிவிட்டுக் கடந்துவிடுகிறோம்.

துன்புறுத்தல் என்றதும் பலருடைய மனதில் வருவது செய்தித்தாளில் படித்த ஏதோ ஒரு கொடூரம். அப்படி நினைப்பது நமக்கு வசதி; நம் வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஆகிவிடும். மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007ல் 13 மாநிலங்களில் எடுத்த ஆய்வை வெளியிட்டது. 12,447 குழந்தைகளிடம் பேசியிருந்தார்கள். மூன்றில் இரண்டு குழந்தைகள் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டிருந்தார்கள். 53 சதவீதத்துக்கும் அதிகமானோர் ஏதாவது ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கும் சற்று அதிகமானவர்கள் ஆண்பிள்ளைகள். இரண்டில் ஒரு குழந்தை மனரீதியான துன்புறுத்தலைச் சொன்னது. ஆய்வு பழையதுதான். ஆனாலும் பயிற்சி வகுப்புகளில் இந்த எண்களைச் சொல்லும்போது இன்றும் அறை அமைதியாகிவிடும்.

அடிப்பதும் பாலியல் தொல்லையும் போக இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, வார்த்தையால் வதைப்பது. "நீ பொறந்ததுல இருந்துதான் இந்த வீட்டுக்குத் தரித்திரம்" என்பதைத் தினமும் கேட்டு வளர்ந்தவர்களை எனக்குத் தெரியும். இன்னொன்று புறக்கணிப்பு. சாப்பாடு, துணி, பள்ளிக் கட்டணம் எல்லாம் நேரத்துக்குக் கிடைக்கும், ஆனால் அந்தக் குழந்தையை ஏறெடுத்துப் பார்க்க வீட்டில் ஆள் இருக்காது. கடைசியாகச் சொன்னதுதான் கண்டுபிடிக்க மிகக் கடினமானது. நடந்த ஒன்றைச் சொல்லலாம். நடக்காமல் போன ஒன்றை ஒரு குழந்தை எப்படிச் சொல்லும்?

அடி விஷயத்தில் நம் ஊருக்கென்று தனிப் பெருமையே உண்டு. 'அடியாத மாடு படியாது', 'அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்' என்று பழமொழி வைத்திருக்கிறோம். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைத்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள்தான் இன்று என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். மிளகாய்ப் புகை பிடித்தது, கரண்டியைக் காய்ச்சிச் சூடு வைத்தது, கயிற்றால் தூணில் கட்டிப்போட்டது, எல்லாவற்றையும் கல்யாண வீட்டில் கூடும்போது சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். "அப்படி வளர்த்ததாலதான் இன்னிக்கு நல்லா இருக்கேன்" என்று முடிப்பார்கள். நான் எதிர்வாதம் செய்வதில்லை. அவர்கள் தங்கள் பெற்றோரைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள், அது எனக்குப் புரிகிறது. பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009லேயே தடை செய்துவிட்டது. வீட்டிலும் அடி தேவையே இல்லை என்பதுதான் என் உறுதியான கருத்து.

"கண்டிப்புக்கும் கொடுமைக்கும் எங்கே மேடம் கோடு?" என்று பெற்றோர் கேட்பார்கள். நான் எத்தனை அடி, எந்தக் குச்சி என்று பார்ப்பதில்லை. திட்டு வாங்கிய குழந்தை கொஞ்ச நேரம் கழித்து அதே மடிக்கு வந்து அழ முடிகிறதா என்று பார்ப்பேன். அடித்த அப்பா ராத்திரி குழந்தை தூங்கிய பிறகு தழும்பில் தேங்காய் எண்ணெய் தடவியதைப் பல அம்மாக்கள் கண்கலங்கச் சொல்லியிருக்கிறார்கள். பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த எண்ணெய் அந்தக் குழந்தைக்குத் தெரியாதே. அது விழித்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா பண்ணினது தப்புடா" என்று சொல்லியிருந்தால் அது வேறு வீடு.

இந்த மடி, ஓட்டம் எல்லாம் வெறும் உணர்ச்சிப் பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம். ஜான் பௌல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் தன் வாழ்நாளையே இதில் செலவழித்தார். குழந்தை தாயை ஒட்டிக்கொள்வது பாலுக்காக மட்டும் என்று பலர் நம்பிய காலம் அது. பயம் வரும்போது ஒரு குறிப்பிட்ட ஆளிடம் ஓடுவது குழந்தையின் உடலிலேயே பிறப்போடு வருகிற ஏற்பாடு என்றார் அவர். அவரோடு வேலை பார்த்த மேரி எய்ன்ஸ்வொர்த் 1954ல் உகாண்டாவுக்குப் போய், கம்பாலாவுக்கு அருகிலுள்ள கிராமங்களில் வீடு வீடாக உட்கார்ந்து தாயையும் சேயையும் கவனித்தார். பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில் ஓர் எளிய சோதனையை வடிவமைத்தார். ஒரு வயதுக் குழந்தையைப் புதிய அறையில் விட்டுவிட்டு அம்மா சில நிமிடங்கள் வெளியே போவார், திரும்பி வருவார். அம்மா போகும்போது குழந்தை அழுகிறதா என்பதைவிட, திரும்பி வரும்போது என்ன செய்கிறது என்பதைத்தான் எய்ன்ஸ்வொர்த் முக்கியமாகப் பார்த்தார்.

அதிகமான குழந்தைகள் அம்மாவிடம் போய் ஒட்டிக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் சமாதானமாகி, மறுபடி விளையாடப் போய்விட்டன. சில குழந்தைகள் ஒட்டிக்கொண்டே அடித்தன, எதற்கும் சமாதானமாகவில்லை. இன்னும் சில, அம்மா போனபோதும் அழவில்லை, வந்தபோதும் திரும்பிப் பார்க்கவில்லை; பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தன. நம் வீட்டுக்கு வந்த விருந்தாளி பார்த்தால் "எவ்ளோ சமத்து, அழவே இல்லையே" என்று கன்னத்தைக் கிள்ளியிருப்பார். 1977ல் இதே சோதனையில் குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தார்கள். அழாத அந்தச் சமத்துக் குழந்தைகளின் துடிப்பும் அழுத குழந்தைகளுடையதைப் போலவே எகிறியிருந்தது. பயம் அதே பயம்தான். வெளியே காட்டினால் பலனில்லை என்று ஒரு வயதுக்குள் கற்றுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த மூன்றிலும் அடங்காத குழந்தைகளும் இருந்தன. எய்ன்ஸ்வொர்த்தின் மாணவியான மேரி மெயினும் ஜூடித் சாலமனும் 1980களில் அவற்றைத் தனியாக அடையாளம் கண்டார்கள். அம்மாவைப் பார்த்து ஓடி வந்து பாதி வழியில் உறைந்து நின்றுவிடும். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே நெருங்கி வரும். கையை வாயில் பொத்திக்கொண்டு தரையில் சாய்ந்துவிடும். துன்புறுத்தல் நடக்கும் வீட்டுக் குழந்தைகளிடம் இது மிக அதிகம். யோசித்துப் பாருங்கள். பயந்தால் ஓடிப்போய் ஒட்டிக்கொள் என்று உடம்பு சொல்கிறது. ஒட்டிக்கொள்ள வேண்டிய ஆளே பயமுறுத்துகிற ஆள். அந்தக் குழந்தை எந்தப் பக்கம் ஓடும்?

சரி, வீட்டிலோ வகுப்பிலோ எதைக் கவனிக்க வேண்டும்? முதலில் உடம்பு. ஓடியாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் முன்காலிலும் முழங்கையிலும் நெற்றியிலும் காயம் படுவது இயல்பு. காதில், கழுத்தில், முதுகில், பிட்டத்தில், தொடையின் உட்பக்கத்தில் கன்றிப்போயிருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். தவழக்கூடத் தொடங்காத கைக்குழந்தையின் உடம்பில் கன்றிய காயம் இருந்தால் கட்டாயம் மருத்துவர் பார்க்க வேண்டும். பீடி, சிகரெட் சூடு சிறிய வட்டமாக, விளிம்பு தெளிவாக இருக்கும். காயத்துக்குச் சொல்லும் காரணம் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறுகிறதா என்பது காயத்தைவிட முக்கியம்.

அப்புறம் நடத்தை. படுக்கையை நனைப்பதை நிறுத்திய பிள்ளை ஏழு வயதில் மறுபடி நனைக்கிறது. செவ்வாய்க்கிழமை மட்டும் வயிறு வலிக்கிறது, விசாரித்தால் அன்றைக்குத்தான் அந்த டியூஷன். வயிற்றுவலி நடிப்பு என்று அடிக்காதீர்கள், அது நிஜமாகவே வலிக்கும். பூச்சியோ சிறுநீர்த் தொற்றோ இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகும் வலி தொடர்ந்தால், வலி எந்த நாளில், யார் வரும்போது, எங்கே கிளம்பும்போது வருகிறது என்று ஒரு காலண்டரில் குறித்து வையுங்கள். பலருடைய வீட்டில் அந்தக் காலண்டர்தான் முதலில் பேசியது. கொளுத்தும் வெயிலிலும் இரண்டு மூன்று துணியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு தூங்கும் பிள்ளை, வயதுக்குப் பொருந்தாத பாலியல் விவரங்களைப் பொம்மை விளையாட்டில் காட்டும் பிள்ளை, நன்றாகப் படித்துக்கொண்டிருந்து ஒரே பருவத்தில் சரிந்த பிள்ளை, கையைக் கீறிக்கொண்டு முழுக்கைச் சட்டை போடும் பிள்ளை, இவர்களையும் கவனியுங்கள். இவற்றில் எதுவும் தனியாகச் சாட்சி ஆகாது. தம்பி பிறந்தாலும் வீடு மாறினாலும்கூடச் சில குழந்தைகள் இப்படி மாறும். அதனால்தான் தீர்ப்பு சொல்லாதீர்கள், பக்கத்தில் போய் உட்காருங்கள் என்கிறேன்.

நான் தவறவிட்ட ஒரு குழந்தையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் வருடம். ஒரு பள்ளியில் வாரம் ஒரு நாள் உட்காருவேன். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, கணக்கில் மதிப்பெண் குறைந்துவிட்டது என்று அனுப்பினார்கள். அவள் உள்ளே வந்ததும் என் மேசையில் சிதறிக் கிடந்த கிரேயான்களை நிறவாரியாக அடுக்கினாள். "மிஸ், தண்ணி குடிச்சீங்களா? டயர்டா இருக்கீங்க" என்றாள். நான் மூக்கைத் தேய்த்தால்கூட நிமிர்ந்து பார்த்தாள். கேட்டதற்கெல்லாம் அழகாகப் பதில் சொன்னாள். 'மிகவும் ஒத்துழைக்கிறாள், வயதுக்கு மீறிய பக்குவம்' என்று கோப்பில் எழுதினேன். ஏழு மாதம் கழித்து உண்மை தெரிந்தது. வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த உறவுக்காரர் ஒருவர் இரண்டு வருடமாக அவளைத் துன்புறுத்தியிருக்கிறார். வயதுக்கு மீறிய பக்குவம் என்று நான் எழுதியது உண்மையில் கண்காணிப்பு. பெரியவர்களின் முகம் எப்போது மாறும் என்று ஒவ்வொரு நொடியும் படித்துக்கொண்டிருந்த குழந்தை அது. நான் களைத்திருக்கிறேன் என்று ஒன்பது வயதுப் பிள்ளை கண்டுபிடித்தது ஏன் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கோப்பில் எழுதிய வரி இன்றும் எனக்கு மனப்பாடம்.

பாலியல் துன்புறுத்தலில் குற்றவாளி பெரும்பாலும் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர். முகம் தெரியாத சாக்லேட்காரரைப் பற்றி மட்டும் எச்சரித்துவிட்டு, "மாமாவுக்கு முத்தம் குடு, வெட்கப்படாத" என்று மடியில் தள்ளுகிறோம். 'உனக்குப் பிடிக்காவிட்டாலும் பெரியவர்கள் கேட்டால் கொடுக்க வேண்டும்' என்ற பாடம் அங்கேதான் தொடங்குகிறது. கொடுக்க மாட்டேன் என்று குழந்தை சொன்னால், "சரி, வணக்கம் சொல்லு போதும்" என்று நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். மாமா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

குழந்தைகள் இதை நேராகச் சொல்வதில்லை. "எனக்கு அந்த வேன் வேண்டாம்" என்பார்கள். "அந்த அண்ணா கெட்ட விளையாட்டு விளையாடுறாங்க" என்பார்கள். நம் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா சொன்னேன்" என்று அடுத்த நாள் மாற்றியும் பேசுவார்கள். மாற்றிப் பேசுவதால் முதலில் சொன்னது பொய் ஆகிவிடாது. ஆண்பிள்ளை சொன்னால் பல வீடுகளில் சிரித்துவிடுகிறார்கள். அந்தச் சிரிப்பை நாற்பது வயதிலும் மறக்காத ஆண்களை எனக்குத் தெரியும். நடந்ததைவிட அந்தச் சிரிப்புதான் அவர்களை அதிகம் அறுத்திருக்கிறது.

குழந்தை சொன்னால் என்ன செய்வது? கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு அதன் உயரத்துக்கு உட்காருங்கள். கத்தாதீர்கள், நெஞ்சில் அடித்துக்கொள்ளாதீர்கள். உங்களைத் தேற்றும் வேலையும் அதன் தலையில் விழுந்துவிடும். "நீ சொன்னது நல்லது. உன் மேல தப்பு இல்ல. நான் பார்த்துக்கிறேன்." இந்த மூன்றும் போதும். குறுக்குக் கேள்வி வேண்டாம், ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்கவே கேட்காதீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்யாதீர்கள், அதைக் காப்பாற்ற முடியாது. அண்மையில் நடந்திருந்தால் குளிப்பாட்டாமல், உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். முதல் தகவல் அறிக்கை பதியாவிட்டாலும் மருத்துவப் பரிசோதனை செய்யலாம். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும்.

குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐப் போனில் பதிந்து வையுங்கள். கட்டணமில்லை, எந்த நேரமும் அழைக்கலாம், குழந்தையே அழைக்கலாம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஆண், பெண் எந்தக் குழந்தைக்கும் 18 வயது வரை பொருந்தும். இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் மறைப்பது அந்தச் சட்டப்படி தண்டனைக்குரியது. 'நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்துவிட்டு நான் மாட்டிக்கொள்வேனோ' என்று பயப்படும் ஆசிரியர்களுக்கும் சொல்கிறேன்: அப்படித் தகவல் தந்தவரைச் சட்டம் பாதுகாக்கிறது. குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத காவலர்தான் பதிவு செய்ய வேண்டும். இயன்றவரை பெண் அதிகாரி. இரவில் எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. குழந்தையின் பெயரையோ அடையாளத்தையோ ஊடகம் வெளியிடக் கூடாது. 'ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும்' என்ற பயத்தில் வாயை மூடிக்கொள்ளும் பல குடும்பங்களுக்கு இந்த விவரங்கள் தெரிவதில்லை.

இனி வளர்ந்தவர்கள். என் நேரத்தில் பெரும்பகுதி இவர்களோடுதான் போகிறது. தங்களுக்குச் சிறுவயதில் ஏதோ நடந்தது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் மிகக் குறைவு. 26 வயது இளைஞர் ஒருவர் வந்தார். காதலி பதினைந்து நிமிடம் பதில் அனுப்பாவிட்டால் வேர்த்துக் கொட்டும். நாற்பது முறை அழைப்பார். நீல டிக் வந்தும் பதில் இல்லையென்றால் அவள் அலுவலக வாசலில் போய் நிற்பார். அவள் வெளியே வந்து சிரித்தால், "எங்கிட்ட நடிக்கிறியா?" என்று சண்டை. "அவ இல்லாம இருக்க முடியல மேடம், அவகூடவும் இருக்க முடியல." குடித்துவிட்டு வரும் அப்பா. ஒரு நாள் தோளில் தூக்கிப் புரோட்டா வாங்கித் தருவார், இன்னொரு நாள் பெல்ட்டை எடுப்பார். எந்த அப்பா கதவைத் திறப்பார் என்று தெரியாமல் சாயங்காலம் ஏழு மணிக்குக் காத்திருந்த பையன்தான் இன்று அந்த நீல டிக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இதைப் புரிந்துகொண்டேன் என்பதற்காக அவர் செய்வதை நான் நியாயப்படுத்தவில்லை. அந்தப் பெண்ணுக்கு அவர்மேல் வந்திருக்கும் பயம் உண்மையான பயம், அதை அவரிடமே சொன்னேன்.

தயங்கித் தயங்கி எழுதும் விஷயம் ஒன்று. திருமணமாகிப் பல வருடமாகக் குழந்தை இல்லை என்று மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கும் தம்பதிகளில் சிலருக்கு இடையே தாம்பத்யமே நடந்திருக்காது. கணவர் தொட்டதும் மனைவியின் உடம்பு கட்டையாகிவிடும். ஏன் என்று அவருக்கே தெரியாது. சில சமயம் தெரியும், சொல்ல வாய் வராது. 'விருப்பமில்லாமல் கட்டி வைத்துவிட்டார்கள்' என்று இரண்டு வீடும் பஞ்சாயத்து பேசும். எட்டு வயதில் தப்பிக்க முடியாத இடத்தில் உறைந்துபோய்த் தன்னைக் காப்பாற்றிக்கொண்ட உடம்பு, இன்றும் அதே வழியில் காப்பாற்றப் பார்க்கிறது. இதற்கு எல்லோருக்கும் ஒரே காரணம் இருக்காது. ஆனால் இந்தக் காரணத்தை யாரும் கேட்பதே இல்லை.

கேட்காமல் விடுவது பற்றி அமெரிக்க மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டியின் அனுபவம் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். 1980களில் சான் டியேகோவில் உடல் எடை குறைப்புக்கான மருத்துவமனைப் பிரிவு ஒன்றை நடத்தினார். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோனார்கள். ஏனென்று அவர்களிடம் பேசிப் பார்த்தபோது பலரும் சிறுவயதில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. எடை அவர்களுக்குக் கவசமாக இருந்திருக்கிறது. அங்கிருந்து தொடங்கி, ராபர்ட் ஆண்டா என்ற ஆய்வாளரோடு சேர்ந்து 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் சிறுவயதுத் துன்பங்களைப் பற்றிக் கேட்டார். 1998ல் வெளியான முதல் கட்டுரையின்படி, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களைக் கண்டவர்களுக்குக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை அதிகம்.

இதைப் படித்துவிட்டு, "அப்ப என் கதை முடிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். ஆபத்து அதிகம் என்பதற்கு அப்படித்தான் ஆகும் என்று அர்த்தம் இல்லை. அடி வாங்கி வளர்ந்த தாய்மார்களை அமெரிக்காவின் மினசோட்டாவில் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். தங்கள் பிள்ளைகளை அப்படி நடத்தாத தாய்மார்கள் எப்படித் தப்பினார்கள் என்று 1988ல் எழுதினார்கள். சிறுவயதில் அன்பாக இருந்த யாரோ ஒரு பெரியவர், வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் கிடைத்த மனநல சிகிச்சை, நிதானமான துணை, இந்த மூன்றும் அவர்களிடம் அதிகம் காணப்பட்டன. அந்த ஒரு பெரியவர் பெரிய தியாகம் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. பள்ளி விட்டதும் முறுக்கு கொடுத்து உட்கார வைத்த எதிர்வீட்டுப் பாட்டியாக இருக்கலாம். என்னிடம் வருகிறவர்களில் அப்படி ஒருவரை நினைவுகூர முடிந்தவர்கள் சீக்கிரம் நடக்கத் தொடங்குகிறார்கள்.

வங்கியில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணுக்கு அப்படி யாரும் நினைவுக்கு வரவில்லை. பல மாதம் அவர் என்னிடம்கூட எதையும் கேட்டதில்லை. ஏசி குளிர்கிறது என்று சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொள்வார். குறைக்கச் சொல்ல மாட்டார். நான் கேட்டால், "பரவாயில்ல மேடம்." ஒரு நாள் அம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தது. விறகுக் கட்டையால் அடித்த அதே அம்மா இப்போது இவர் வீட்டில்தான் இருக்கிறார். வயது 68. முட்டிவலிக்குத் தைலம் தேய்த்துவிடுவதும் இவர்தான். "என் பிள்ளைங்கள மடியில வெச்சு நிலாச் சோறு ஊட்டுறாங்க. பார்க்க சந்தோஷமா இருக்கு. அதே நேரம் தட்டைப் பிடுங்கி வீசணும்போலவும் இருக்கு. நான் கெட்டவளா மேடம்?"

'பெத்தவங்கதானே, மன்னிச்சிடு' என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நான் அதைச் சொல்வதில்லை. மன்னிப்பதும் மன்னிக்காததும் அவர் முடிவு. அதற்கு அவசரமும் இல்லை. சந்தோஷம், எரிச்சல் இரண்டுமே உண்மை என்றேன். "அந்த மடி உங்களுக்கும் கிடைச்சிருக்கணும். அது கிடைக்கலைன்னு இப்பதான் கோபம் வருது." அன்றைக்குத்தான் முதல் முறையாக அழுதார். அழுதுகொண்டே, டிஷ்யூ எட்டவில்லை, எடுத்துக் கொடுங்கள் என்று கையை நீட்டினார். 11 மாதத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் பொருள் அது.

கணவரிடமும் தனியாகப் பேசினேன். "ஏன் சொல்லல?" என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்வி அவருக்கு விசாரணைபோல இருக்கும் என்றேன். அவர் சொல்லாவிட்டாலும் நீங்கள் தினம் ஒரு முறை கேளுங்கள், "ஒண்ணுமில்ல" என்றால் சரி என்று விட்டுவிட்டு மறுநாளும் கேளுங்கள். அவர் பொறுமைசாலி. கேட்டார். இப்படித் துணையாக நிற்பவர்களுக்கும் களைப்பு வரும். அரசின் மனநலத் தொலைபேசி சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம், பாதிக்கப்பட்டவர் மட்டும்தான் அழைக்க வேண்டும் என்றில்லை.

போன மழைக்காலத்தில் அந்தப் பெண்ணுக்கு மறுபடி காய்ச்சல். மதியம் இரண்டு மணிக்கு வங்கியிலிருந்து கணவருக்குப் போன் செய்து, "முடியல, வந்து கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். கணவர் வருவதற்கு 40 நிமிடம் ஆகிவிட்டது. மழை, பாலத்தில் டிராஃபிக். அடுத்த வாரம் இருவரும் வந்தபோது அந்தப் பெண் என்னிடம் புகார் சொன்னார். "காய்ச்சல்னு சொல்லி 40 நிமிஷம் மேடம்! சீக்கிரம் கிளம்பியிருக்கலாம்ல? வண்டில ஏறினதும் நல்லா சண்டை போட்டேன்." குரல் உயர்ந்திருந்தது. பக்கத்தில் கணவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. "மேடம், அந்த ஏசியைக் கொஞ்சம் குறைங்க" என்றார் அந்தப் பெண். எழுந்து போய்க் குறைத்துவிட்டு வந்தேன்.